வீடு வாங்கி மூணே மாசத்துல உடைஞ்ச சாக்கடை பைப்: எனக்கு ஆன செலவு, நீங்க செய்யக் கூடாத தப்புகள்



நம்ம சேனல்ல ஹோம் லோன் பத்தி நிறைய பேசியிருக்கோம். வட்டி எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு எடுக்கலாம், வில்லங்கச் சான்று எப்படிப் பார்க்கணும்னு எல்லாம் விலாவாரியா பார்த்திருக்கோம். ஆனா இவ்வளவு பேசின நானே வீடு வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டுட்டேன். பத்திரத்தை நாலு தடவை படிச்சேன். மண்ணுக்குக் கீழ போற கழிவுநீர் பைப்பை ஒரு தடவைகூட பார்க்கலை. அதுக்கு நான் கொடுத்த விலை 1,61,500 ரூபாய்.

பழைய வீடு வாங்கப் போறவங்க, வாங்கிட்டு இப்போ பாத்ரூம்ல தண்ணி தேங்கி நிக்குதேன்னு முழிக்கிறவங்க, ரெண்டு பேருமே இந்தப் பதிவை முழுசா படிங்க. என் கணக்கை ஒளிவு மறைவில்லாம அப்படியே எழுதியிருக்கேன்.

என்ன நடந்துச்சு?

2024 ஜூன் மாசம் சென்னை வில்லிவாக்கத்துல ஒரு தனி வீடு வாங்கினோம். கட்டி 26 வருஷம் ஆன வீடு. விலை 82 லட்சம். அதுல 60 லட்சம் ஹோம் லோன், இ.எம்.ஐ சுமார் 52,000 ரூபாய். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்த்து 7,38,000 ரூபாய் போச்சு. பெயின்ட், ஒயரிங், கொஞ்சம் மர வேலைன்னு எல்லாம் முடிஞ்சு ஆவணியில கிரகப்பிரவேசம் பண்ணினப்போ, அக்கவுண்ட்ல மிச்சம் இருந்தது 90,000 ரூபாய்.

ஐப்பசி மழை ஆரம்பிச்ச அதே வாரம் கீழ் பாத்ரூம்ல தண்ணி இறங்காம நின்னுச்சு. மாடியில யாராவது ஃப்ளஷ் பண்ணினா, கீழ பாத்ரூம் தரை ஓட்டைல குபுகுபுன்னு கறுப்புத் தண்ணி மேல வரும். நாத்தம் சொல்லி மாளாது. விருந்தாளிங்க வந்தா வாசல்லயே உட்கார வெச்சுப் பேசி அனுப்புற நிலைமை.

முதல் தப்பு: காரணம் தெரியாமலே செலவு பண்ணினது

தெருவுல இருந்த பிளம்பரைக் கூப்பிட்டேன். ராடு விட்டு அடைப்பு எடுத்தார், 1,500 ரூபாய். பத்து நாள் நல்லா இருந்துச்சு. திரும்ப அடைச்சது. திரும்ப 1,500. மூணாவது தடவையும் 1,500. ஆக 4,500.

அப்புறம் அவரே, "சார், பாத்ரூம் தரைக்குக் கீழ இருக்கிற டிராப் போயிருக்கும், டைல்ஸை உடைச்சு மாத்திடலாம்"னு சொன்னார். சரின்னேன். டைல்ஸ், வாட்டர் ப்ரூஃபிங், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 22,000. புது டைல்ஸ் போட்டு எட்டாவது நாள், அதே இடத்துல அதே கறுப்புத் தண்ணி.

மொத்தம் 26,500 ரூபாய் வீண். இதுல பிளம்பரைக் குறை சொல்ல மாட்டேன். மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ரெண்டு பேர் சேர்ந்து என் காசுல பரிசோதனை பண்ணிட்டு இருந்தோம், அவ்வளவுதான்.

இதுல நீங்க எடுத்துக்க வேண்டிய பாடம்: ஒரே அடைப்பு ஒரு மாசத்துல ரெண்டாவது தடவை வந்தா, அது அடைப்பு இல்லை, பைப்புல பிரச்சனை. மூணாவது தடவை ராடு விடக் காசு கொடுக்காதீங்க.

இறங்குறேன்னு சொன்ன மனுஷர்

இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எழுதித்தான் ஆகணும்.

நாலாவது தடவை அடைச்சப்போ பிளம்பர் தன்னோட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கடைசி சேம்பர் மூடியைத் திறந்து பார்த்துட்டு, "ஆறு அடி ஆழம்தான் சார். இறங்கிக் கையாலயே எடுத்துடறேன். 1,500 கொடுங்க போதும்"னார். ஜெட்டிங் வண்டிக்குக் கேட்டது 4,000. உண்மையைச் சொல்றேன், என் மனசு ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுச்சு. 2,500 மிச்சமாகுமே.

உள்ளே இருந்து எட்டிப் பார்த்த அம்மா, "தம்பி, நீங்க அதுக்குள்ள எல்லாம் இறங்க வேணாம்பா. கை கழுவிட்டு வாங்க, டீ போடறேன்"னு சொன்னாங்க. "நாங்க பார்க்காத டிச்சா அம்மா"ன்னு அவர் சிரிச்சார். அம்மா விடலை. வந்ததுக்கு 500 ரூபாய் கொடுக்கச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினாங்க. எனக்கு அப்போ வெட்கமா இருந்துச்சு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, மூடியே கிடந்த சேம்பருக்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் மாதிரி வாயுக்கள் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை வாசனை வரும். அளவு கூடினா மூக்கு அந்த வாசனையை உணரும் சக்தியையே இழந்துடும். வாசனை இல்லையேன்னு நம்பி இறங்கினவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குறவரும் விழுவார். ஒரே குழியில ரெண்டு மூணு பேர் செத்துப் போற செய்தி வர்றது இப்படித்தான்.

சட்டமும் தெளிவா இருக்கு. 2013-ம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லாம சாக்கடையிலயோ செப்டிக் டேங்க்லயோ ஆளை இறக்கிச் சுத்தம் பண்ண வைக்கிறது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, இல்லைன்னா 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். "நான் சொல்லலை, பிளம்பர்தான் கூட்டிட்டு வந்தார்"னு தப்பிக்க முடியாது. நேரடியாவோ மறைமுகமாவோ யாரும் வேலைக்கு வைக்கக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது. சாக்கடை மரணங்களுக்கு 2014-ல 10 லட்சம் ரூபாய் இழப்பீடுன்னு சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்தியது.

சட்டத்தை விடுங்க. 2,500 ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு குடும்பத்தோட அப்பாவைக் குழிக்குள்ள இறக்குற கணக்கு எந்த பட்ஜெட்லயும் வரக் கூடாது. மெஷின் வண்டிக்குத்தான் கூப்பிடணும். இதுக்குன்னே 14420 உதவி எண் இருக்கு. சென்னையில தெரு மெயின் லைன் பிரச்சனைன்னா மெட்ரோ வாட்டரோட 1916-ல புகார் பதிவு பண்ணலாம்.

எங்க உடைஞ்சிருக்குன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்

ஜெட்டிங் வண்டி வந்த அன்னைக்கு அதோட வந்த மேற்பார்வையாளர் ஒரு எளிய வழி சொல்லிக் கொடுத்தார். இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா எனக்கு 26,500 மிச்சமாகியிருக்கும்.

உங்க வீட்டுல பின்பக்கத்துல இருந்து ரோடு வரைக்கும் வரிசையா சேம்பர் இருக்கும். எங்க வீட்டுல நாலு. எல்லா மூடியையும் திறந்து வெச்சுட்டு, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. குனிஞ்சு தலையை உள்ளே விட வேண்டாம்.

- எல்லா சேம்பரும் நிரம்பி, கடைசி சேம்பரும் வழியுதுன்னா, பிரச்சனை பெரும்பாலும் தெருவுல. மெட்ரோ வாட்டருக்குப் புகார் கொடுங்க.
- ஒரு சேம்பர் நிரம்பி, அதுக்கு அடுத்தது காய்ஞ்சு கிடந்தா, பிரச்சனை அந்த ரெண்டுக்கும் நடுவுல.
- எல்லா சேம்பரும் சுத்தமா இருந்து, ஒரே ஒரு பாத்ரூம்ல மட்டும் தண்ணி நின்னா, அந்த பாத்ரூமோட டிராப் அல்லது அதுல இருந்து வர்ற பைப்.

எங்க வீட்டுல முதல் ரெண்டு சேம்பர் விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்துச்சு. மூணாவதுல தண்ணியே இல்லை. ஆக, போர்ட்டிகோவுக்குக் கீழ போற பைப்புலதான் கோளாறு. நான் 22,000 கொடுத்து உடைச்ச பாத்ரூமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!

அடுத்து கேமரா. ஜெட்டிங் பண்ணி லைனைக் கழுவின பிறகு, ஒயர் முனையில சின்ன கேமராவைக் கட்டி பைப்புக்குள்ள விட்டாங்க. 7,000 ரூபாய். முதல்ல "இதுக்கு ஏழாயிரமா"ன்னு தோணுச்சு. திரையில பார்த்ததும் வாயடைச்சுப் போச்சு. 18-வது அடியில பைப் கீழ இறங்கி, இணைப்பு வாய் பிளந்து கிடக்கு. அதுக்குள்ள பக்கத்து வேப்ப மரத்தோட வேர், அவிழ்த்து விட்ட சடை மாதிரி கொத்தா தொங்குது. ராடு விட்டப்போ எல்லாம் அந்த வேர்ல ஒரு வழி கிடைச்சிருக்கு, பத்து நாள்ல திரும்ப அதுலயே கழிவு சிக்கியிருக்கு. அதைத் தவிர இன்னும் மூணு இணைப்புல விரிசல்.

பழைய பைப் ஏன் உடையுது?

அந்தக் காலத்துல நிறைய வீடுகளுக்கு ஸ்டோன்வேர் பைப்தான் போட்டாங்க. பழுப்பு நிறத்துல மினுமினுப்பா இருக்கும், சுட்ட மண் குழாய். குழாய் நல்ல பொருள்தான், லேசுல அரிக்காது. ஆனா ஒவ்வொண்ணும் 2, 3 அடி நீளம்தான். எங்க லைன் 42 அடி. அதுல 20 இணைப்பு. ஒவ்வொரு இணைப்பையும் சணலும் சிமென்ட் கலவையும் வெச்சு அடைச்சிருப்பாங்க. வருஷம் ஆக ஆக மண் இறங்கும், மேல கார் நிக்கும், சிமென்ட்ல மயிரிழை விரிசல் விழும். ஈரம் கசியிற இடத்தைத் தேடி மர வேர் வந்துடும். இப்போ வர்ற பி.வி.சி பைப் 20 அடி நீளத்துக்குக் கிடைக்குது, 42 அடிக்கு மூணு பைப் போதும். இணைப்பு குறைஞ்சா கசிவும் குறையும்.

பணத்தை விடப் பெரிய விஷயம்: சம்ப் தண்ணி

கேமரா பார்த்த அன்னைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. அந்த உடைஞ்ச இடத்துல இருந்து எங்க தண்ணி சம்ப் மூணே அடி தூரம்.

அதுக்கு முந்தின ரெண்டு வாரமா அம்மாவுக்கும் என் பொண்ணுக்கும் வயித்துப்போக்கு. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சு ரெண்டு தடவை டாக்டர்கிட்ட போய் வந்தோம். குடிக்கிறது கேன் தண்ணிதான், அதனால தண்ணி மேல சந்தேகமே வரலை. ஆனா பல் தேய்க்கிறது, பாத்திரம் கழுவுறது, காய்கறி அலசுறது எல்லாம் சம்ப் தண்ணியிலதான்.

தண்ணியை லேப்ல கொடுத்துப் பார்த்தோம். குடிக்கிற தண்ணியில 100 மில்லிக்கு ஒண்ணுகூட இருக்கக் கூடாத ஈ.கோலை கிருமி இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதாவது மலக் கழிவு கலந்திருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. செலவைத் தள்ளிப் போடலாம்னு நான் யோசிச்சிட்டு இருந்த ஒவ்வொரு நாளும், வீட்டுல எல்லாரும் அந்தத் தண்ணியைத்தான் புழங்கிட்டு இருந்திருக்கோம்.

அதனால கழிவுநீர் பைப் உடைஞ்சிருக்குன்னு சந்தேகம் வந்த உடனே, முதல் வேலையா சம்ப் தண்ணியைப் புழங்குறதை நிறுத்துங்க. டெஸ்ட் பண்ணுங்க. பைப் மாத்தின பிறகு சம்ப்பைக் காலி பண்ணி, சுவரைத் தேய்ச்சுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, விரிசலை அடைச்சு, மறுபடியும் டெஸ்ட் பண்ணி, ரிப்போர்ட் சரின்னு வந்தப்புறம்தான் புழங்கணும். ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப்புக்குள்ள ஆள் இறங்குறதும் ஆபத்துதான். நல்லா காத்தோட்டம் விட்டு, மேல ஒரு ஆள் நின்னு பார்த்துக்கணும்.

ஒரு இடமா, முழு லைனா?

உடைஞ்ச அந்த ஒரு இடத்தை மட்டும் தோண்டிச் சரி பண்ண 35,000 ரூபாய் கேட்டாங்க. முழு லைனையும் மாத்தினா ஒரு லட்சத்துக்கு மேல. யாரா இருந்தாலும் முதல்ல 35,000 பக்கம்தான் மனசு போகும். ஆனா வீடியோவுல இன்னும் மூணு விரிசல் தெரிஞ்சுச்சு, பக்கத்துல சம்ப் இருக்கு, வேப்ப மரம் எங்கயும் போகப் போறதில்லை. அடுத்த வருஷம் திரும்ப போர்ட்டிகோவை உடைக்கணும். அதனால முழு லைனையும் மாத்தினேன். உங்க வீடியோவுல ஒரே ஒரு இடம்தான் பழுது, மத்தது நல்லா இருக்குன்னா, ஒரு இடத்தை மட்டும் சரி பண்ணுங்க. முடிவை வீடியோ சொல்லட்டும், பயம் சொல்ல வேண்டாம்.

சரியான வேலைக்கு ஆன செலவு இதோ:

- ஜெட்டிங் வண்டி: 4,000
- கேமரா: 7,000
- தோண்டுற கூலி, பைப் போடுற கூலி: 38,000
- பைப், மத்த சாமான்கள்: 21,000
- நாலு சேம்பர் புதுசா கட்டி மூடி போட்டது: 28,000
- போர்ட்டிகோ தரையைத் திரும்பப் போட்டது: 31,000
- சம்ப் சுத்தம், தண்ணி டெஸ்ட்: 6,000
- மொத்தம்: 1,35,000 ரூபாய்

முதல்ல வீணா போன 26,500-ஐயும் சேர்த்தா 1,61,500. கவனிச்சுப் பாருங்க, பைப்போட விலை வெறும் 21,000தான். அதை எடுத்து வைக்கிறதுக்கும், உடைச்சதை மூடுறதுக்கும்தான் மிச்சக் காசு எல்லாம்.

காசுக்கு என்ன பண்ணினேன்?

90,000-ல 26,500 போக கையில இருந்தது 63,500. அதுல 60,000 எடுத்தேன். மிச்சம் 75,000-க்கு நகைக்கடன். வருஷ வட்டி 10%, அதாவது மாசம் 625 ரூபாய். இதே 75,000-ஐ கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு, மாசம் மூன்றரை சதவீத வட்டியில இழுத்துட்டு இருந்தா, மாசம் 2,625 ரூபாய் வட்டி மட்டுமே போயிருக்கும். அவசரம்னு வரும்போது கை முதல்ல கார்டுக்குத்தான் போகும். அந்த நேரத்துல ஒரு நாள் பொறுத்து, நகைக்கடன், ஹோம் லோன் மேல டாப்-அப், பி.எஃப் பணம் எது மலிவுன்னு கணக்குப் போட்டுட்டு அப்புறம் முடிவெடுங்க.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமான்னு கேட்பீங்க. வீட்டுக்கான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில தண்ணித் தொட்டி, பைப் வெடிச்சு வழிஞ்சு ஏற்படுற சேதத்துக்கு கவர் உண்டு. ஆனா வருஷக்கணக்கா மெல்ல மெல்லத் தேய்ஞ்சு போன பழுதுக்கு கிடையாது. என் கேஸ் ரெண்டாவது ரகம். பாலிசி எடுத்திருந்தாலும் கிடைச்சிருக்காது.

பில்லை எல்லாம் பத்திரமா வைங்க. நாளைக்கு வீட்டை விக்கும்போது, வீட்டை மேம்படுத்தச் செஞ்ச மூலதனச் செலவை லாபத்துல இருந்து கழிக்க வழி இருக்கு. சாதாரண ரிப்பேர் அதுல வராது. உங்க செலவு எந்தப் பக்கம் வரும்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கங்க. பில் இல்லைன்னா கேக்கவே முடியாது.

வித்தவர்கிட்ட கேக்க முடியாதா?

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவு, வித்தவருக்கு ஒரு கடமையைச் சொல்லுது. அவருக்குத் தெரிஞ்ச, வாங்குறவர் சாதாரண கவனத்தோட பார்த்தா கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை அவர் வாய் திறந்து சொல்லியாகணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா "அவருக்குத் தெரியும்"னு நாமதான் நிரூபிக்கணும். அக்கம்பக்கத்துல விசாரிச்சேன். "முன்னாடியும் மழைன்னா இப்படித்தான் இருக்கும்"னு ஒரு பாட்டி சொன்னாங்க. அந்தப் பாட்டியைக் கோர்ட்டுக்குக் கூப்பிட எனக்கு மனசு வரலை. வக்கீல் செலவு, அலைச்சல், வருஷக்கணக்கு எல்லாம் பார்த்துட்டு விட்டுட்டேன். உங்களுக்கு எழுத்துல ஆதாரம் இருந்து, தொகையும் பெருசுன்னா, கண்டிப்பா வக்கீலைப் பாருங்க.

புது வீடு, புது ஃபிளாட் வாங்கினவங்களுக்கு நிலைமை நல்லா இருக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, 14-வது பிரிவுப்படி, சாவி வாங்கின 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத் தரத்துலயோ குறை இருந்து நீங்க தெரிவிச்சா, அந்தச் சட்டத்துக்குக் கீழ வர்ற பில்டர் 30 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணிக் கொடுக்கணும். வாட்ஸ்அப்ல சொன்னதோட நிக்காம, தேதி போட்டு எழுத்துல கொடுங்க. அதே மாதிரி, அபார்ட்மென்ட்ல பொது லைன் உடைஞ்சா அது அசோசியேஷன் செலவு. நீங்க தனியா தலையில போட்டுக்காதீங்க.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி இதை எல்லாம் பாருங்க

1. எல்லா சேம்பர் மூடியையும் திறக்கச் சொல்லுங்க. "திறக்க வராதுங்க, சிமென்ட் பூசிட்டோம்"னு சொன்னா, அங்கதான் விஷயம் இருக்கு.

2. முதல் சேம்பர்ல ஒரு பக்கெட் தண்ணியில சொட்டு நீலம் கலந்து ஊத்துங்க. கடைசி சேம்பருக்கு நீலம் வந்து சேருதா, நடுவுல தேங்குதான்னு பாருங்க. 10 ரூபாய் செலவு.

3. எல்லா ஃப்ளஷ்ஷையும் ஒரே நேரத்துல அழுத்தி, எல்லாக் குழாயையும் திறந்து விட்டுட்டு, கீழ் பாத்ரூம் தரை ஓட்டையைப் பாருங்க. கொப்புளம் வந்தா உஷார்.

4. போர்ட்டிகோவுலயோ நடைபாதையிலயோ ஒரு இடம் மட்டும் இறங்கியிருக்கா, புதுசா ஒட்டுப் போட்டிருக்காங்களா, கரப்பான், எலி நடமாட்டம் இருக்கான்னு கவனிங்க.

5. வேம்பு, அரசு, முருங்கை மாதிரி மரம் லைனுக்குப் பக்கத்துல இருக்கா? சம்ப்புக்கும் கழிவு லைனுக்கும் எவ்வளவு தூரம்?

6. முடிஞ்சா ஐப்பசி, கார்த்திகை மழையில ஒரு தடவை போய்ப் பாருங்க. நான் கோடையில பார்த்து ஏமாந்தேன். மழைத்தண்ணி பைப்பைக் கழிவுநீர் லைன்ல சேர்த்திருக்காங்களான்னும் பாருங்க. சேர்த்திருந்தா ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள்ள தண்ணி ஏறும்.

7. பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட பேசுங்க. சும்மா சொல்லலை. தெருவுல ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும்.

8. குடிநீர் வரி, கழிவுநீர்க் கட்டண ரசீதைக் கேளுங்க. இணைப்பு முறையா வாங்கினதா, பாக்கி ஏதாவது இருக்கான்னு பாருங்க.

9. வீடு 15 வருஷத்துக்கு மேல பழசுன்னா, கேமரா விட்டுப் பார்த்துடுங்க. வித்தவர் ஒத்துக்கலைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

அந்த 7,000-ஐ நான் முன்னாடியே செலவு பண்ணியிருந்தா, வீடியோவைக் காட்டி விலையில 1,35,000 குறைக்கச் சொல்லியிருப்பேன். லோன்ல அந்தத் தொகை குறைஞ்சிருந்தா, 8.5% வட்டியில 20 வருஷத்துல நான் கட்டுறதுல சுமார் 2.8 லட்சம் குறைஞ்சிருக்கும். பேரம் பேச ஆதாரம் வேணும். ஆதாரம் மண்ணுக்குள்ள இருக்கு, எடுத்துப் பார்க்கணும்.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்க

வாட்டம் சரியா இருக்கணும். 4 அங்குல பைப்புக்கு 40 அடிக்கு ஒரு அடி, 6 அங்குல பைப்புக்கு 60 அடிக்கு ஒரு அடி இறக்கம்ங்கிறது பழக்கத்துல இருக்கிற கணக்கு. நாங்க போட்டது 6 அங்குல பைப், 42 அடிக்கு சுமார் எட்டரை அங்குலம் இறக்கம். "நல்லா சரிவா போட்டுட்டேன் சார்"னு மேஸ்திரி பெருமையா சொன்னாலும் அளந்து பாருங்க. சரிவு ரொம்ப அதிகமானா தண்ணி மட்டும் ஓடிப் போயி, கழிவு அங்கேயே தங்கிடும்.

பைப்புக்குக் கீழ ஜல்லி, உடைஞ்ச செங்கல் இல்லாம மணல் படுக்கை போடச் சொல்லுங்க. மண்ணை மூடுறதுக்கு முன்னாடி, கீழ் முனையை அடைச்சு பைப்புல தண்ணி நிரப்பி, மட்டம் இறங்குதான்னு பாருங்க. பணத்தை மூணு தவணையா கொடுங்க. கடைசித் தவணை, தண்ணி டெஸ்ட் முடிஞ்ச பிறகுதான். லைன் போற பாதையை மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க, நாளைக்கு எங்கயாவது ட்ரில் போடும்போது உதவும். ஒண்ணு ஞாபகம் வைங்க, ரோட்டை நீங்களா வெட்டாதீங்க. அதுக்கு அனுமதி வாங்கணும்.

கடைசியா ஒரு கணக்கு

பழைய வீடு வாங்குறவங்க எல்லாரும் விலை, பத்திரச் செலவு, பெயின்ட், கிரகப்பிரவேசம் வரைக்கும் பட்ஜெட் போடுவாங்க. அதோட நிறுத்திடுவாங்க. நான் இப்போ எல்லாருக்கும் சொல்றது, வீட்டு விலையில 2% தனியா எடுத்து வைங்க. 82 லட்சத்துக்கு 1,64,000 வரும். இது எந்தப் புத்தகத்துலயும் இருக்கிற விதி இல்லை, அடிபட்டுக் கத்துக்கிட்டது. முதல் மழைக்காலம் முடியிற வரைக்கும் அந்தப் பணத்தைத் தொடாதீங்க. சோபா அப்புறம் வாங்கிக்கலாம். ஒண்ணும் ஆகலைன்னா சந்தோஷம், அந்தப் பணத்தை லோன்ல கட்டிடுங்க.

இந்த வருஷம் மழைக்கு எங்க வீட்டுல சொட்டுத் தண்ணி நிக்கலை. அம்மா, பொண்ணு ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அந்தக் கடைசி சேம்பர் மூடியைக் கடக்கும்போது மட்டும், "இறங்கறேன் சார்"னு சொன்ன அந்த மனுஷரோட முகம் ஞாபகத்துக்கு வரும். அம்மா அன்னைக்கு வீட்டுல இல்லாம இருந்திருந்தா நான் என்ன முடிவு எடுத்திருப்பேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அதையும் சேர்த்து எழுதினேன்.

வீடு வாங்கப் போற நண்பர், சொந்தக்காரங்க யாராவது இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.